எக்ஸாட்டிக் மீசான் தேடப் புதிதாக வருகிறவர்களுக்கு: முதல் ஆண்டை வீணாக்காமல் இருக்க

என் முதல் ஆண்டில் உருப்படியாக இயற்பியல் செய்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் ஆறு வாரம் தேறும். மீதி நாட்கள் கையெழுத்துக்கும் விசாவுக்கும் கணக்குக் கடவுச்சொல்லுக்கும் காத்திருந்ததில் போயின. தவறான வரிசையில் செய்த வேலைகளைத் திரும்பச் செய்ததிலும் கொஞ்சம் போனது. எக்ஸாட்டிக் மீசான், அதாவது ஒரு குவார்க்கும் ஓர் எதிர்-குவார்க்கும் மட்டும் என்று விளக்க முடியாத மீசான், தேடும் இந்தத் துறையில் பாடப்புத்தகம் எழுதியவர்கள் பலர். "எந்த வேலையை எப்போது தொடங்க வேண்டும்" என்று எழுதியவர்களை நான் பார்க்கவில்லை. அதனால் இது.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம், நியூபோர்ட் நியூஸ் ஊரில் உள்ள ஜெபர்சன் லேப் என்ற முடுக்கி ஆய்வகத்தில், ஃபோட்டான் பீமால் இத்தகைய மீசான்களைத் தேடும் குளூஎக்ஸ் சோதனையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். மற்ற இடங்களிலும் பெயர்கள்தான் மாறும், பாடு ஏறக்குறைய இதே பாடுதான்.

1. என்ன தேடுகிறீர்கள் என்பதைத் தாளில் போட்டுப் பாருங்கள்

அரை மணி நேர வேலை. ஆனால் இதைத் தள்ளிப்போட்டு, வருடக் கடைசியில் கருத்தரங்கில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு (நான்).

சாதாரண மீசான் என்றால் ஒரு குவார்க்கும் ஓர் எதிர்-குவார்க்கும். அவற்றின் மொத்தத் தற்சுழற்சி எஸ், சுற்றுக் கோண உந்தம் எல். பாரிட்டிக்கு (இடத்தைத் தலைகீழாக்கினால் வரும் குறி) மைனஸ் ஒன்றின் (எல்+1) அடுக்கு, சி-பாரிட்டிக்கு (துகளை எதிர்த்துகளாக்கினால் வரும் குறி) மைனஸ் ஒன்றின் (எல்+எஸ்) அடுக்கு. இப்போது 1−+ (மொத்தக் கோண உந்தம் ஒன்று, பாரிட்டி மைனஸ், சி பிளஸ்) என்ற எண் கிடைக்குமா என்று பாருங்கள். பாரிட்டி மைனஸ் ஆக வேண்டுமானால் எல் இரட்டைப்படை. சி பிளஸ் ஆக வேண்டுமானால் எஸ் பூஜ்யம். எஸ் பூஜ்யமானால் மொத்தக் கோண உந்தம் எல்-க்குச் சமம், அதாவது இரட்டைப்படை. ஒன்று வர வழியே இல்லை. ஆகவே 1−+ எண்ணுடன் ஒரு மீசான் அகப்பட்டால் அதற்குள் குவார்க் ஜோடிக்கு மேல் ஏதோ இருக்கிறது. குவார்க்குகளைப் பிணைக்கும் குளுவான் புலமே அதிர்ந்துகொண்டிருக்கும் 'ஹைப்ரிட்' என்பதுதான் பலரும் எதிர்பார்ப்பது. 0−−, 0+−, 2+− ஆகியவையும் இதேபோல் தடைபட்ட எண்கள்.

ஈட்டா மீசானும் பை மீசானும் பி அலையில் (இரண்டுக்கும் இடையே எல் = 1) சேர்ந்தால் அந்த ஜோடிக்குக் கிடைப்பது சரியாக 1−+. டி அலையில் (எல் = 2) சேர்ந்தால் 2++, அதாவது ஏ₂(1320) என்ற ஊரறிந்த மீசான் (அடைப்பில் இருப்பது எம்இவியில் நிறை). இந்த இரண்டு வரியை மறக்காதீர்கள், கடைசிவரை வேலை இவற்றைச் சுற்றித்தான்.

2. எந்தச் சோதனையில் சேர்வது

தரவு பொதுவெளியில் கிடைக்கும், வீட்டிலிருந்தே தேடலாம் என்ற நினைப்பில் வருகிறவர்கள் உண்டு. இந்தத் துறையில் மூலத் தரவு கிட்டத்தட்ட முழுக்கக் கூட்டமைப்பு உறுப்பினர்களிடம்தான். உறுப்பு நிறுவனம் ஒன்றின் வழியாக உள்ளே போக வேண்டும்.

செர்னின் காம்பஸ் சோதனை 190 ஜிஇவி பை மீசான் பீமை திரவ ஹைட்ரஜனில் மோதவிட்டது. 2022-இல் அது தரவு எடுத்து முடித்துவிட்டது, பகுப்பாய்வு தொடர்கிறது. பெய்ஜிங்கின் பெஸ்-3 எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோதவிட்டு 1,000 கோடி ஜே-சை துகள்களைச் சேர்த்திருக்கிறது. ஈட்டா₁(1855) என்ற 1−+ வேட்பாளர் 2022-இல் அங்கிருந்துதான் வந்தது. குளுவான்கள் மட்டுமே சேர்ந்த குளூபால் மேல் ஆசை என்றால் பெஸ்-3தான் இடம். ஐ.ஐ.டி. மெட்ராஸ் அதில் உறுப்பு என்பதைச் சென்னைப் பக்கத்து மாணவர்கள் கவனிக்கலாம், மூன்றாம் படியில் வரும் காத்திருப்பில் அவர்களுக்குப் பாதி மிச்சம்.

குளூஎக்ஸில் பீமே வேறு. 12 ஜிஇவி வரை முடுக்கிய எலக்ட்ரான்களை ஏறக்குறைய 50 மைக்ரான் தடிமன் உள்ள வைரத் தகட்டில் விடுகிறார்கள். அங்கே பிறக்கும் ஃபோட்டான்களில் 8.2 முதல் 8.8 ஜிஇவி வரையிலானவை சுமார் 35 விழுக்காடு தளவிளைவு (போலரைசேஷன்) பெற்றிருக்கும். அவை 30 செ.மீ. நீளத் திரவ ஹைட்ரஜன் டார்கெட்டில் மோதுகின்றன. தளவிளைவு ஏன் முக்கியம் என்பது 7-ஆம் படியில்.

3. காத்திருக்க வேண்டியவற்றை முதல் நாளே தொடங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பயனர் பதிவு, வெளிநாட்டவருக்கான அனுமதி, கணினிக் கணக்கு, பாதுகாப்புப் பயிற்சி, விசா என்ற ஐந்தும் ஒன்றுக்கொன்று சங்கிலி. பதிவில்லாமல் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் தரவு இல்லை. நேரில் போவதற்குக் குறைந்தது நான்கு மாதம் முன்னால் பதிவைத் தொடங்குங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் பெயர் இருக்கட்டும். அப்பா பெயரை முதலெழுத்தாகப் போடும் நம் வழக்கம் இங்கே பெரிய வில்லங்கம். ஒரு படிவத்தில் முதலெழுத்தை விரித்து எழுதி, இன்னொன்றில் சுருக்கி எழுதினால் கணினி அதை இரண்டு ஆள் என்றே எடுத்துக்கொள்ளும். நான் மூன்று வாரம் இரண்டு ஆளாக இருந்தேன்.

கையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட் (தங்கும் காலத்துக்கு மேல் ஆறு மாதமாவது செல்லுபடி), உங்கள் நிறுவனத்தின் ஆட்சேபணை இல்லாச் சான்று, உதவித்தொகைக் கடிதம், அழைப்புக் கடிதம், ஜே-1 (பரிமாற்ற வருகையாளர்) விசாவானால் அழைக்கும் நிறுவனம் தரும் டி.எஸ்-2019 படிவம், செவிஸ் (வருகையாளர் பதிவேடு) கட்டண ரசீது, டி.எஸ்-160 என்ற விசா விண்ணப்பத்தின் உறுதிப் பக்கம்.

செலவு: செவிஸ் கட்டணம் 220 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், ஆக 405. இது நான் கட்டியபோது இருந்த கணக்கு. கட்டும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், இவை ஏறுமே தவிர இறங்குவதில்லை. ஜே-1 காரர்களுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஒரு நோய்க்கோ விபத்துக்கோ 1,00,000 டாலர், உடலைத் தாயகம் அனுப்ப 25,000, மருத்துவ வெளியேற்றத்துக்கு 50,000 என்ற வரம்புகளைத் தாண்ட வேண்டும். கையிலிருந்து நாம் முதலில் கட்டும் தொகை 500 டாலருக்கு மேல் இருக்கக் கூடாது. மலிவான பயணக் காப்பீடுகள் பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டில் விழும். வாங்கும் முன் பாலிசித் தாளில் அந்த இரண்டு எண்களை மட்டும் தேடுங்கள், போதும்.

நேர்காணலில் ஒரு பொறி. "அணுக்கரு இயற்பியல்", "பீம்" என்ற சொற்களைக் கேட்டதும் 221(ஜி) தாள் நீட்டப்படுவது நம் துறையில் புதிதல்ல. கூடுதல் சரிபார்ப்பு, நாள் கணக்குச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் கேட்பதும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான்: தன்விவரக் குறிப்பு, கட்டுரைப் பட்டியல், ஆராய்ச்சிச் சுருக்கம், பயணத் திட்டம். நான்கையும் அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள். சுருக்கம் ஒரு பக்கம், பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரியும் மொழியில், "அடிப்படை ஆராய்ச்சி, முடிவுகள் வெளியிடப்படும்" என்ற வாக்கியத்தோடு. விமான டிக்கெட்டை விசா கைக்கு வந்தபின் எடுங்கள். திட்டம் தொடங்கும் தேதிக்கு 30 நாள் முன்னதாகவே உள்ளே நுழையலாம்.

விசா வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். பகுப்பாய்வு முழுவதையும் தொலைவிலிருந்தே செய்யலாம். கூட்டங்கள் அமெரிக்கக் கிழக்கு நேரத்தில் நடக்கும். அங்கே காலை 10 மணி என்றால் நமக்குக் கோடையில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரம் மாறும் வாரத்தில் ஒரு கூட்டத்தைத் தவறவிடுவீர்கள், பரவாயில்லை.

4. எந்தச் சிதைவு வழி

இங்கே ஆசைக்கு அணை போடுங்கள். 1−+ எண்ணுள்ள முக்கிய வேட்பாளரான பை₁(1600) அதிகமாக பி₁-பை வழியில் (பி₁ மீசானும் பை மீசானுமாக) சிதையும் என்று கணினிவழி லாட்டிஸ் கணக்குகள் சொல்கின்றன. அது ஒமேகாவும் இரண்டு பையுமாக வந்து விழும், அலைகள் ஏராளம். முதல் ஆண்டுக்காரருக்கு அது புதைகுழி.

ஈட்டா-பை சுலபம். புரோட்டானும் நான்கு ஃபோட்டான்களும், ஈட்டா இரண்டு ஃபோட்டானாகச் சிதைவது நூற்றுக்கு 39. ஆனால் எக்ஸாட்டிக் அலை அதில் மெலிவு. ஈட்டா-பிரைம்-பை வழியில் பி அலை ஓங்கியிருக்கும் என்பதை காம்பஸ் தரவு தெளிவாகக் காட்டியது. குளூஎக்ஸ் 2024-இல் வெளியிட்ட மேல்வரம்புக் கணக்கும், ஃபோட்டான் பீமில் பை₁ தேட இரு-துகள் வழிகளில் இதுவே கூர்மையானது என்றது. விலை என்ன? ஈட்டா-பிரைம் இரண்டு பையும் ஈட்டாவுமாகச் சிதைவது 42.5 விழுக்காடு, அந்த ஈட்டா இரண்டு ஃபோட்டானாவது 39.4. பெருக்கினால் நூற்றுக்கு 17. நிகழ்வுகள் சட்டென்று குறையும்.

என் யோசனை: முதல் எட்டு மாதம் ஈட்டா-பையில் ஏ₂(1320)-ஐக் கண்டுபிடியுங்கள். எல்லோரும் அறிந்த மீசானைப் போய் எதற்கு என்று கேட்காதீர்கள். உங்கள் கருவி ஏ₂-வையே சரியான நிறை, சரியான அகலத்தில் தரவில்லையென்றால் அது காட்டும் பை₁-ஐ யார் நம்புவார்?

5. தரவைக் கேட்டு வாங்குவது

மூலத் தரவு டேப்பில் கிடக்கும், அதைத் தொட வேண்டியதில்லை. குழு அவ்வப்போது 'அனாலிசிஸ் லாஞ்ச்' ஓட்டும். உங்களுக்கு வேண்டிய வினையை ரியாக்ஷன் ஃபில்டர் மொழியில் எழுதி அந்தப் பட்டியலில் சேர்த்தால், வடிகட்டிய ரூட் (பகுப்பாய்வு மென்பொருள்) கோப்புகள் கிடைக்கும். லாஞ்சைத் தவறவிட்டால் அடுத்தது வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே முதன்மை வினையோடு பின்புலத்துக்கான வினைகளையும் சேர்த்தே கேளுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்ட வினைதான் ஆறு மாதம் கழித்து மதிப்பீட்டாளர் கேட்பது.

சேமிப்பிடம் பற்றி ஒரு வார்த்தை. 'வாலட்டைல்' என்ற பகுதி பெயருக்கேற்றது, பழைய கோப்புகள் தாமாக நீக்கப்படும். என் இரண்டு மாதச் சிமுலேஷன் ஒரு திங்கட்கிழமை காலையில் இல்லை. விதிமுறை முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது, படிக்காதது என் தவறு.

6. நிகழ்வுத் தேர்வு

டி-செலக்டர் நிரலில் வெட்டுகள், அதாவது நிகழ்வுகளை வடிகட்டும் நிபந்தனைகள், போடும் வேலை. பாதி நேரம் இங்கேதான் போகும். பொறிகளும் இங்கேதான் அதிகம்.

முதலாவது, தற்செயல் பீம் ஃபோட்டான்கள். எலக்ட்ரான் கொத்துகள் 4 நானோ வினாடி இடைவெளியில் வருகின்றன. உங்கள் நிகழ்வோடு சம்பந்தமில்லாத ஃபோட்டானும் அதே கொத்தில் வந்திருக்கும். பக்கத்துக் கொத்துகளை எடுத்து எதிர் எடை கொடுத்துக் கழிக்க வேண்டும். இருபுறமும் நான்கு நான்கு கொத்து எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் மைனஸ் எட்டில் ஒன்று. மையக் கொத்தை ஒட்டிய முதல் கொத்தை விட்டுவிடுவது வழக்கம், மைய உச்சியின் வால் அதில் கசியும். வரைபடத்தில் எதிர் எண்கள் தோன்றும்போது பயந்து எடையை எடுத்துவிடாதீர்கள்.

இரண்டாவது, ஜோடி சேர்ப்பு. நான்கு ஃபோட்டான்களில் எந்த இரண்டு ஈட்டா, எந்த இரண்டு பை என்று பிரிக்க 6 வழி. ஐந்தாவதாக ஒரு போலிப் பொழிவு கலோரிமீட்டரில் பதிந்துவிட்டால் 30 வழி. ஒரே நிகழ்வு பலமுறை எண்ணப்படும். இயக்கவியல் ஃபிட்டின் கை-வர்க்க (χ²) மதிப்பால் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கிறீர்களா, எல்லாவற்றையும் வைத்து, உச்சியின் இருபக்கப் பட்டைகளைக் கொண்டு பின்புலத்தைக் கழிக்கிறீர்களா என்பதை முதலிலேயே முடிவெடுத்து எழுதி வையுங்கள். நடுவில் மாற்றினால் முன்பு வரைந்த எதையும் ஒப்பிட முடியாது.

மூன்றாவது, கீழ் முனை. பை மீசான் ஈட்டாவோடு சேராமல் புரோட்டானோடு சேர்ந்து டெல்டாவாகவோ என்-ஸ்டாராகவோ (புரோட்டானின் கனமான உறவினர்கள்) பிறந்திருக்கலாம். அந்த நிகழ்வுகள் கோணப் பரவலில் ஒருபக்கமாகக் குவிந்து, போலிப் பி அலையாகக் காட்சி தரும். புரோட்டான்-பை நிறையை ஒரு முறையாவது வரைந்து பாருங்கள்.

ஒமேகா-பை ஐந்து ஃபோட்டானாகச் சிதைந்து, அதில் ஒன்று தொலைந்தால் அது உங்கள் நான்கு-ஃபோட்டான் கூடைக்குள் விழும். இதற்கும் தனிச் சிமுலேஷன் வேண்டும்.

7. பகுதி அலைப் பகுப்பாய்வு

சிமுலேஷன் முதலில். கட்டவெளியில் (ஃபேஸ் ஸ்பேஸ்) சமமாகப் பரவிய நிகழ்வுகளை உருவாக்கி, டிடெக்டரைக் கணினியில் போலச் செய்யும் ஜீயன்ட்4 வழியாக அனுப்பி, அதே வெட்டுகளைப் போட வேண்டும். எம்.சி. ராப்பர் என்ற சேவையில் விண்ணப்பித்தால் ஓட்டித் தருகிறது, பணச் செலவு இல்லை. தேறி வரும் நிகழ்வுகள் தரவைப்போல் ஐந்து பத்து மடங்காவது இருக்கட்டும். வரிசை நெருக்கடியைப் பொறுத்து இரண்டு நாளோ மூன்று வாரமோ ஆகும். கருத்தரங்குக்கு முந்தைய மாதம் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள்.

ஃபிட் செய்ய ஆம்ப்டூல்ஸ் என்ற மென்பொருள். நிறையை 20 முதல் 40 எம்இவி துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் கோணப் பரவலை அலைகளாகப் பிரிக்க வேண்டும். தளவிளைவு இங்கேதான் கைகொடுக்கிறது. அது ஃபோட்டானுக்கும் புரோட்டானுக்கும் இடையே பரிமாறப்படும் துகளின் தன்மையை இரண்டு 'ரிஃப்ளெக்டிவிட்டி' வகைகளாகப் பிரித்துத் தருகிறது. தளவிளைவற்ற பீமில் ஒரே கோணப் பரவலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அலைத் தொகுப்புகள் விடையாகி நம்மைக் குழப்பும், அந்தச் சிக்கலும் பெரும்பாலும் தீர்கிறது.

எஸ், பி, டி அலைகளை எல்லா எம் (கோண உந்தத்தின் திசைக்கூறு) மதிப்புகளோடும் போட்டால் 1+3+5, அதாவது 9. இரண்டு ரிஃப்ளெக்டிவிட்டிக்கு 18 சிக்கலெண்கள். இரண்டு கட்டங்களை (ஃபேஸ்) நிலைநிறுத்தியபின் 34 அளவுருக்கள். ஒரு துண்டில் 500 நிகழ்வு வைத்துக்கொண்டு 34 அளவுருவை ஃபிட் செய்தால் எது வேண்டுமானாலும் கிடைக்கும், கேட்டால் யானையும் கிடைக்கும். அலைகளைக் குறையுங்கள், அல்லது துண்டை அகலமாக்குங்கள்.

ஒரே தொடக்க மதிப்பில் ஓட்டி முடித்துவிடாதீர்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஐம்பது நூறு தற்போக்குத் தொடக்கம் கொடுங்கள். சிறந்த விடைக்கு மிக அருகில் வேறொரு விடை உட்கார்ந்திருந்தால் அதை மறைக்காமல் வரையுங்கள். பிழை அளவுக்கு ஃபிட் நிரல் சொல்வதை நம்பாமல் பூட்ஸ்ட்ராப் (தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து ஃபிட்) செய்யுங்கள், கணினி நேரம் பல மடங்காகும் என்பதையும் திட்டத்தில் சேருங்கள்.

8. மேடு தெரிந்ததும் செய்ய வேண்டியவை

ஒரு நாள் பி அலையில் மேடு தெரியும். எனக்கு இரவு இரண்டு மணிக்குத் தெரிந்தது. வழிகாட்டிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுத்தான் படுத்தேன். காலையில் அவர் அனுப்பிய பதில் ஒரே வரி: "உள்ளே போட்டு வெளியே எடுத்துப் பார்த்தாயா?"

அதுதான் முதல் சோதனை. எக்ஸாட்டிக் அலையே இல்லாத, ஏ₂ மட்டும் உள்ள சிமுலேஷனை உருவாக்கி, அதைத் தரவு என்று பாவித்து, எக்ஸாட்டிக் அலையோடு ஃபிட் செய்யுங்கள். பி அலையில் என்ன வருகிறதோ அது கசிவு. பெரிய டி அலையில் ஒரு சிறு பங்கு, டிடெக்டரின் ஏற்புத்திறனைச் சற்றே தவறாகக் கணித்ததால் பக்கத்து அலைக்குள் சிந்துவது. என் மேடு 1.3 ஜிஇவியில் இருந்தது. ஏ₂-வும் 1.3-இல். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அடுத்து கட்டம். ஒத்ததிர்வு என்றால் உயரம் மட்டும் ஏறி இறங்காது, நிறை கூடக்கூட அதன் கட்டமும் நகரும். பி அலைக்கும் டி அலைக்கும் உள்ள கட்ட வேறுபாட்டை நிறைக்கு எதிராக வரையுங்கள். ஏ₂ கடக்கும் இடத்தில் அது வேகமாக மாற வேண்டும். அதன்பின் பை₁ பகுதியில் என்ன செய்கிறது என்பதுதான் உங்கள் ஆய்வேட்டின் மையப் படம். உயர வரைபடத்தை மட்டும் காட்டுகிறவர்களிடம் பழைய ஆட்கள் கேட்கும் முதல் கேள்வியும் இதுதான்.

கூர்மையான மேட்டை எதிர்பார்க்கவும் வேண்டாம். முன்பு ஈட்டா-பையில் 1.4 ஜிஇவியில் ஒன்று, ஈட்டா-பிரைம்-பையில் 1.6-இல் ஒன்று என இரண்டு பை₁ பேசப்பட்டன. காம்பஸ் தரவை இரண்டு வழியிலும் சேர்த்து ஜேபேக் என்ற கோட்பாட்டாளர் குழு ஆராய்ந்தபோது ஒரே துருவம் (ஒரே ஒத்ததிர்வு) போதுமென்று வந்தது: நிறை 1564 எம்இவி, அகலம் 492. ஏ₂-வின் அகலம் ஏறக்குறைய 107. நான்கு மடங்குக்கு மேல் அகன்ற ஒன்றைத் தேடுகிறீர்கள், அது குன்றைப்போல் நிற்காது, மேட்டுநிலம்போல் பரந்து கிடக்கும். இரண்டு இடத்தில் தெரிந்த உச்சி ஒரே பொருளுடையதாகவும் இருக்கலாம் என்பதால், உச்சியின் இடத்தை நிறை என்று எழுதிவிடாதீர்கள்.

9. ஷிஃப்ட்

தரவு எடுக்கும் காலத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் ஷிஃப்ட் பங்கு உண்டு, எட்டு மணி நேரம், இரண்டு பேர். கதிரியக்கப் பாதுகாப்பு, ஆக்சிஜன் குறைபாடு உள்ளிட்ட பயிற்சிகள் முடிந்திருக்க வேண்டும். திரவ ஹீலியம் புழங்கும் இடத்தில் இரண்டாவது சடங்குக்கானதல்ல. சில பயிற்சிகளை நேரில்தான் முடிக்க முடியும், போன அன்றே ஷிஃப்ட் போடாதீர்கள். கார் ஓட்டத் தெரியாவிட்டால் கற்றுக்கொண்டு போங்கள். நள்ளிரவு முதல் காலை எட்டு வரையிலான ஷிஃப்டை நான் விரும்பிக் கேட்பேன். தொலைபேசி அடிக்காது, இந்தியாவில் பகல் என்பதால் வீட்டோடு பேசலாம்.

10. குறிப்பு, மதிப்பீடு, வெளியீடு

பகுப்பாய்வுக் குறிப்பை ஆறாம் படியிலேயே எழுதத் தொடங்குங்கள். எந்த வெட்டு, எந்த மதிப்பு, ஏன், மாற்றினால் என்ன ஆகிறது என்ற நான்கையும் ஒவ்வொரு வெட்டுக்கும். குழுவுக்குள் மதிப்பீட்டாளர்கள் அமர்வார்கள், கேள்விகள் வரும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு நான்கு சுற்று. உதவித்தொகை முடியும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, எட்டு மாதம் முன்னால் குறிப்பைச் சமர்ப்பியுங்கள்.

எதுவும் தென்படாவிட்டாலும் முடிவு உண்டு. குளூஎக்ஸின் 2024 முடிவே ஒமேகா-பை-பை வழியில் பை₁ உருவாவதன் குறுக்குவெட்டுப் பரப்புக்கு ஒரு மேல்வரம்புதான், மதிப்புமிக்க இதழில் வெளிவந்தது. மேல்வரம்பு எழுதுகிறவர்கள் முறைசார் பிழைகளை இன்னும் கவனமாகக் கணக்கிட வேண்டியிருக்கும், அதற்கு மட்டும் கூடுதலாக இரண்டு மாதம் ஒதுக்குங்கள். ஃபிட் கோப்புகள், தொடக்க மதிப்பு விதைகள், நிரலின் பதிப்பு எண் எல்லாவற்றையும் டேப்பில் போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள். கணக்கு மூடப்பட்டபின் மூன்றாம் சுற்றுக் கேள்வி வந்த நண்பர் ஒருவர் இன்னும் அந்தப் படத்தை மறுபடி வரைந்துகொண்டிருக்கிறார்.